அரைச்சுருதி தள்ளி ஒரு எக்காளம்

இந்த பெஞ்சுல ஆள் இருக்கா அண்ணாச்சி? இல்லியா? அப்ப நான் இருந்துக்கிடுதேன். பேசக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிருக்காரு. பத்து நிமிசம் அந்தத் தூணுக்கிட்ட பேசாம நின்னு பாத்தேன், முடியல. நீங்க யாருக்காக இருக்கீய? மாமனாருக்குக் காது ஆபரேசனா? உள்ள கொண்டு போயிட்டாவளா? அப்ப எப்பிடியும் ஒரு மணி நேரம் ஆவும். நல்லதாப் போச்சு, உங்களாலயும் எந்திரிச்சு ஓட முடியாது.

எனக்குத் தொண்டை. குரல்நாணுல கடுகு கணக்கா ஒரு கட்டி. பதினோரு மணிக்கு உள்ள போகணும். காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. வெளிய வந்தா பதினஞ்சு நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது, முணுமுணுக்கக் கூடக் கூடாதாம். அதுக்கப்புறம் குரல் வரும்ங்காரு. வரும்னு சொல்லும்போது டாக்டரு என் மூஞ்சியப் பாக்கல, ஃபைலப் பாத்தாரு. அதுலதான் எனக்குச் சந்தேகம்.

அதுக்குள்ள ஒரு போன் பண்ணணும் அண்ணாச்சி. எட்டு வருசமா பண்ண வேண்டிய போனு. ஒரு ஆளுகிட்ட ஒரு தப்ப ஒத்துக்கிடணும். இந்தக் குரல் இருக்கும்போதே, என் வாயாலயே சொல்லணும். நாளைக்குக் குரல் வரலன்னா என்ன செய்ய? மணி என்ன? பத்தேகாலா? முக்கா மணி நேரம் கெடக்கு. பண்ணிருவேன். என்ன, அதுக்கு முன்ன கொஞ்சம் பேசுனா ஒரு தெம்பு வரும். வீட்டுக்காரி மருந்துச் சீட்டத் தூக்கிட்டுக் கீழ போயிருக்கா. அவ வந்தா வாயப் பொத்திருவா.

என்ன சோலின்னு கேக்குதீயளா? பகல்ல பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டெண்ட். 'ஏல, டெஸ்ட் டியூப மூஞ்சிக்கு நேராப் பிடிக்காத'ம்பேன், அதுக்கெல்லாம் தொண்டை போகாது. நான் ஒரு மெட்டல் பேண்டுல பாடகன். பாடகன்னு நான் சொல்லுதேன். எங்க அம்மை 'கத்துதான்'ம்பா. இருவது வருசமா இதுதான். சிம்போனிக் எக்ஸ்ட்ரீம் மெட்டல்னு அதுக்குப் பேரு. ஒண்ணுமில்ல, டிரம்ஸு இடி மாதிரி விழும், கிட்டாரு அறுத்துக்கிட்டே இருக்கும், அதுக்கு மேல கொயர், வயலின், எக்காளம்னு பெருசா, கடல் பொங்குத கணக்கா வரும். அதுக்கு நடுவுல நான் நின்னு அடிவயித்துலேருந்து உறுமுவேன். உறுமிக் காட்டவா? சரி சரி, வேண்டாம். சிஸ்டர் இங்கதான் பாக்காவ.

எங்க பேண்டு பேரு ஊழித்தீ. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீய. பாளையங்கோட்டையில யாரும் கேள்விப்பட்டதில்ல. ஆனா ஃபின்லாந்துல எங்க படம் போட்ட பனியன மாட்டிக்கிட்டு ஒருத்தன் கல்யாணம் பண்ணிருக்கான், போட்டோ அனுப்பினான். என் பேரு கோயில்பிள்ளை. தாத்தா பேரு. இந்தப் பேர வச்சுக்கிட்டு நரகத்தப் பத்தி உறுமுனா எவன் பயப்படுவான்? அதனால மேடையில நான் காலாந்தகன். ஒரு தடவ மதுரையில, மைக் பிடிச்சவரு நல்ல மனுசன், என் ஆதார் பேரக் கேட்டு வாங்கிட்டு, 'அடுத்ததாகத் திரு. கோயில்பிள்ளை அவர்கள் உறுமுவார்கள்'னுட்டாரு. முன்வரிசையில மூணு பேரு கை தட்டுனானுவ. அன்னைக்கு மொத்தமே முன்வரிசைதான்.

ஆரம்பத்துல நாங்க நாலு பேரு. சுடலைமுத்து கிட்டாரு. வண்ணார்பேட்டையில டூவீலர் மெக்கானிக்கு, கோவக்காரன், கையில எப்பவும் ஸ்பேனரு இருக்கும். ரசூல் டிரம்ஸு. ரெண்டு காலாலயும் மிதிக்குத பெடல் வேணும்னு கேட்டான், சுடலை சைக்கிள் செயின வச்சே செஞ்சு குடுத்தான். இன்னொரு கிட்டாரு இக்னேசியஸு. அவன் சார்ஜா போயிட்டான், அவன விடுங்க. அப்பம் எங்களுக்குத் தெரிஞ்சது ஒரே ஒண்ணு, வேகம். மொத ஆல்பத்துல ஒம்போது பாட்டு, மொத்தம் இருவத்தேழு நிமிசம். எல்லாப் பாட்டுலயும் மொத செகண்டுலேருந்து கடைசி செகண்டு வரைக்கும் நான்தான். மூச்சு விட எடமில்ல. ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மொத கச்சேரி. ரெண்டாவது பாட்டுல வாட்ச்மேன் மேடை ஏறி வந்து, 'தம்பி, யாரு மேல கோவம்? சொல்லு, பேசித் தீத்துக்கிடலாம்'ங்காரு. சத்தியமா அண்ணாச்சி. நல்ல மனுசன். சோடா வாங்கிக் குடுத்தாரு.

இக்னேசியஸு போனப்பொறவு பாட்டு மொட்டையா நின்னுது. அப்பத்தான் பியூலாக்கா வந்தா. எங்க சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிதவ, என்ன விட மூணு வயசு மூப்பு. ஸ்கூட்டி சர்வீசுக்கு விட வந்தவ, பட்டறைக்குப் பின்னால நாங்க வாசிக்கத நின்னு முழுசாக் கேட்டா. கேட்டுட்டு, 'நாலு எடத்துல சுருதி வெலகுது. தெரிஞ்சு செய்யுதீயளா, தெரியாமச் செய்யுதீயளா?'ன்னா. சுடலை ஸ்பேனரக் கீழ வச்சிட்டான். அவன் அத வச்சு நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

நான் மட்டும் ஒத்துக்கிடல. கீபோர்டு கல்யாண வீட்டுக்கு, மெட்டலுக்கு ஆவாதுன்னு ஒரு வாரம் மொறப்பா இருந்தேன். அடுத்த ஞாயித்துக்கெழமை பட்டறைக்குப் போனா, எங்க பழைய பாட்டுக்குக் கீழ அவ வயலின் சத்தத்துல நாலே சுரத்த நீட்டிப் பிடிக்கா. எங்க பாட்டுத்தான். ஆனா அது எங்கயோ போயிட்டு. எனக்கு முடியெல்லாம் குத்திட்டு நின்னுட்டு. வெளிய வந்து, 'ஏதோ பரவால்ல'ன்னேன்.

அப்பிடித்தான் எங்க சத்தம் மாறுச்சு. ரெண்டாவது ஆல்பத்துல பாட்டெல்லாம் ஆறு நிமிசம், ஏழு நிமிசம்னு நீண்டுச்சு. கீபோர்டுக்கு எடம் வேணும்லா, அதனால என் உறுமல் பாதியாச்சு. மூணாவதுல மூணு பாட்டுல மட்டும்தான் நான். நாலாவதுல பதினோரு நிமிசத்துப் பாட்டு ஒண்ணு இருக்கு, அதுல எனக்கு ரெண்டே ரெண்டு உறுமல். மிச்ச நேரமெல்லாம் கையத் தூக்கிக்கிட்டு இருட்டுல நிக்கணும். ஆளுக்கு மதிப்பு கூடக் கூட வேல கொறையுமில்லியா, கலெக்டருக்கு மாதிரி. அந்த விசயத்துல அவ்வோ எனக்கு ஒரு கொறையும் வச்சதில்ல.

இப்பம் தப்புக்கு வாரேன். மணி என்ன? பத்தரை. நேரம் இருக்கு.

மூணாவது ஆல்பம் போட்டோம்லா, அதுல ஒரு பெரிய பாட்டு. கடைசி நாள்ல ஏழு தூதன்மாரு எக்காளம் ஊதுவாவன்னு சர்ச்சுல பிரசங்கம் கேட்டிருப்பீயளே, இல்ல, நீங்க கோயிலுக்குப் போறவுகளா, சரி. அதாவது உலகம் அழியுதப்ப வானத்துலேருந்து எக்காளம் கேக்கும். பியூலாக்கா ஒரு வருசம் உக்காந்து அத எழுதுனா. கீபோர்டு சத்தம் வேண்டாம், நெசமான எக்காளம் வேணும்னா. நெசமான கொயரு வேணும்னா. கொயருக்குப் பிரச்சின இல்ல, சர்ச்சுல அவ பாட வைக்கித கொயரே இருவது பேரு இருக்கு. 'கடைசி நாளப் பத்தின பாட்டு'ன்னு சொல்லிக் கூட்டியாந்தா, அது பொய்யுமில்ல. எக்காளத்துக்கு எங்க போக? தச்சநல்லூரு பொன்னுலிங்கம் மாஸ்டரு பேண்டு செட்டப் பிடிச்சோம். கல்யாண ஊர்வலத்துல செவப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு ஊதிக்கிட்டு வருவாவல்லா, அந்தப் பன்னண்டு பேரு. உலகம் அழியுதத அவ்வோகிட்ட ஒப்படைச்சோம்.

இங்க ஒண்ணு உங்களுக்குச் சொல்லணும். எங்க சர்ச்சுல பாட்டுக்கு அஞ்சு கோடு போட்ட நோட்டு கெடையாது. சோல்ஃபாதான். டோ, ரே, மீன்னு எழுத்தாவே எழுதிருப்பாவ. பொன்னுலிங்கம் மாஸ்டரும் மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவரு, அவருக்கும் அது அத்துப்படி. அதுல ஒரு சங்கதி என்னன்னா, டோ எந்த எடத்துலயும் இருக்கலாம். அதனால தாளுக்கு மேல ஒரு வரி எழுதிருப்பாவ, இந்தப் பாட்டுக்கு டோ இன்ன எடம்னு. அந்த ஒரு வரி இல்லன்னா ஆளாளுக்கு அவனவன் வசதிக்கு ஒரு டோவ எடுத்துக்கிடுவான். கீழ உள்ளது அத்தனையும் சரியாத்தான் இருக்கும், ஆனா தொடங்குத எடம் வேறயாப் போயிரும்.

பியூலாக்கா பென்சில்ல ஒரே பெரிய தாளுல எல்லாருக்கும் சேத்து எழுதிருந்தா. அதுலேருந்து ஆளாளுக்குத் தனித்தனியாப் பிரிச்சு எழுதணும். யாருக்குக் கையெழுத்து நல்லாருக்கு? எனக்கு. லேப்ல ஆசிட் பாட்டில் எல்லாத்துக்கும் நான்தான் சீட்டு எழுதுவேன், ஹெட்மாஸ்டரே மெச்சிருக்காரு. சந்தோசமா வாங்கிட்டுப் போனேன். மூணு நாளு லீவு போட்டு எழுதுனேன் அண்ணாச்சி. ஒவ்வொரு தாளுக்கும் மேல கொஞ்சம் எடம் இருந்துது. அவ தாளுல அந்த எடத்துல என்னமோ சின்னதா எழுதிருந்தா. அது அவ தனக்குன்னு எழுதி வச்ச குறிப்புன்னு நெனச்சேன். நான் அந்த எடத்துல எங்க லோகோவ வரைஞ்சேன்.

லோகோன்னா தெரியும்லா? மெட்டல் பேண்டு பேரு முள்ளு முள்ளா, வேரு வேரா இருக்கும், எவனும் வாசிக்க முடியாது. வாசிக்க முடிஞ்சா அது நல்ல லோகோ இல்ல. பன்னண்டு தாளுலயும் கருப்பு மையில ஊழித்தீ. பொன்னுலிங்கம் மாஸ்டரு கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு, 'என்ன தம்பி, கருவேலங்காடா?'ன்னாரு. எனக்குப் பெருமையா இருந்துது.

ரெக்கார்டு பண்ண ஊதுன அன்னைக்குப் பியூலாக்கா வரல. சர்ச்சுல ஒரு பெரிய சாவு, அடக்க ஆராதனைக்கு ஆர்கன் வாசிக்கப் போயிட்டா. கல்யாண மண்டபத்துல காலையில எக்காளம், சாயங்காலம் கொயருன்னு பேச்சு. சுடலை ஜெனரேட்டருகிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கான். முன்னயே எடுத்த கிட்டாரக் கேட்டுக்கிட்டே ஊத, பன்னண்டு பேருக்குக் காதுல மாட்ட ஹெட்போனு எங்க இருக்கு? ரசூல் மேசையத் தட்டித் தாளம் சொல்ல, அவ்வோ ஊதுனாவ. சுருதி தெரிஞ்ச காது உள்ளவுக பியூலாக்காவும் சுடலையும், அவ்வோ ரெண்டு பேரும் இல்லாத எடத்துக்கு நான் பொறுப்பு. மாஸ்டரு என்னக் கூப்பிட்டு, 'தம்பி, டோ எதுன்னு போடலியே?'ன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'உங்க இஷ்டம் மாஸ்டர்'னேன். மரியாதையாச் சொல்லுதேன்னு நெனச்சுச் சொன்னேன்! அவரு எக்காளத்துக்குச் சொகமான டோவப் பிடிச்சுக்கிட்டாரு. அவரு மேல ஒரு தப்பும் கெடையாது.

சாயங்காலம் வந்து பியூலாக்கா கேட்டா, எக்காளம் எப்பிடின்னு. 'கொன்னுட்டானுவ'ன்னேன். அவ கொயருக்குச் சரியான டோவக் குடுத்துப் பாட வச்சா. கிட்டாரும் அதே டோவுல முன்னயே எடுத்தது. எக்காளம் மட்டும் அரைச்சுருதி மேல. முழுசாத் தள்ளிருந்தாக் கூட மனுசன் தாங்கிக்கிடுவான். அரைன்னா பல்லு கூசும்.

பத்து நாளு கழிச்சுப் பட்டறையில எல்லாத்தையும் சேத்துப் போட்டுக் கேட்டோம். ரசூல் காதப் பொத்திட்டான். சுடலை, 'நிறுத்துல'ன்னான். எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல அண்ணாச்சி, உண்மையச் சொல்லணும்லா. 'நல்லா பயங்கரமாத்தான இருக்கு?'ன்னு கேட்டேன். சுடலை கம்ப்யூட்டருல இழுத்து எறக்கிப் பாத்தான். பன்னண்டு பேருக்கும் ஒண்ணா மூக்கடைச்ச மாதிரி ஆயிட்டு. திரும்ப ஊதச் சொல்லலாம்னா ஆவணி பொறந்துட்டு, மாஸ்டரு செட்டு சங்கரன்கோயில் பக்கம் கல்யாணம் கல்யாணமாப் போயிட்டு இருக்கு. எங்க ஆல்பத்த வெளியிடுத வெளிநாட்டுக் கம்பெனிக்குக் குடுத்த தேதிக்கு நாலு நாளுதான் மிச்சம்.

சுடலை தாள எடுத்தான். 'இதுல டோ எங்கல? மேல ஏன் ஒண்ணும் இல்ல? இது யாரு பண்ணுன வேல?'ன்னு கத்துனான். அவன் கையில ஸ்பேனரு. அதுக்கு முன்ன மாசந்தான் ரெண்டு தடவ ரிகர்சலுக்குப் போகாம இருந்ததுக்கு என்ன எச்சரிச்சிருந்தான், இன்னொரு தப்பு நடந்தா வேற ஆளுன்னு. தூத்துக்குடியில ஒருத்தன் தயாரா வேற இருந்தான். என்ன விட ஆழமா உறுமுவான், தாளத்துல நிப்பான், தண்ணி குடிச்சிக்கிட்டே கூட உறுமுவான்ங்காவ. பியூலாக்காவோட அசல் தாளு என் பைக்குள்ளதான் இருக்கு. மேல பளிச்சுன்னு டோ எழுதியிருக்கு. எடுத்துக் காட்டுனா நான் செத்தேன்.

அப்பம் பியூலாக்கா சுடலை கையிலேருந்து அந்தத் தாள வாங்கிப் பாத்தா. லோகோவ ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் என் மூஞ்சியப் பாத்தா. பாத்துட்டு, 'சுடலை, கத்தாத. நான்தான் டோ எழுத விட்டுட்டேன் போலருக்கு'ன்னா.

நான் அத அப்பிடியே விட்டுட்டேன். 'பரவால்லக்கா, மனுசனுக்கு மறதி சகஜம்'னு வேற சொன்னேன்! என் நாக்கு அண்ணாச்சி, அத இன்னைக்கே சேத்து வெட்டச் சொல்லணும். மறுநாளு லேப்ல புன்சன் பர்னர பத்த வச்சு, அசல் தாள அதுல காட்டிட்டேன். ஒரு வருச உழைப்பு. நாப்பது செகண்டு ஆச்சு.

வேற வழி இல்லாம அப்பிடியே அனுப்புனோம். பாருங்க கூத்த. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் எழுதுதான், இப்பிடி ஒரு எக்காளத்த இதுவரைக்கும் எவனும் ஊதுனதில்ல, வானம் கிழிஞ்சு தொங்குது, அரைச்சுருதி தள்ளி வச்சது மேதையோட வேலன்னு. நாலு நாட்டுலேருந்து பேட்டி. யாரு குடுத்தா? நான்தான் குடுத்தேன். பியூலாக்கா வரமாட்டேன்னுட்டா, பாட்டுல தன் பேரும் வேண்டாம், கோயில்பிள்ளை பேரப் போட்டுக்கிடுங்கன்னுட்டா. ஒரு ஜெர்மன்காரன் கேக்கான், இந்த யோசனை எங்கேருந்து வந்துதுன்னு. 'எங்க ஊரு சுடுகாட்டு மரபு'ன்னேன். அவன் எழுதிக்கிட்டான்!

அடுத்த ஆல்பத்துக்கும் அதே சத்தம் வேணும்னு கம்பெனிக்காரன் ஒத்தக்கால்ல நின்னான். பியூலாக்கா இந்தத் தடவ கணக்குப் பண்ணி, வேணும்னே தள்ளி எழுதுனா. பொன்னுலிங்கம் மாஸ்டருக்குக் கண்ணு கலங்கிட்டு. 'நாப்பது வருசமா சரியா ஊதிக்கிட்டிருக்கேன், ஒரு பய வெளிநாட்டுலேருந்து கூப்பிடல. ஒரு நாளு தப்பா ஊதுனேன், உலகமே கேக்குது'ன்னாரு. ஆனாலும் ஊதுனாரு. இப்பம் எங்க சத்தம்னாலே அதுதான். எங்கள மாதிரி ஊதணும்னு பிரேசில்ல ரெண்டு பேண்டு இருக்கு. எல்லாம் என் லோகோ போட்ட புண்ணியம்.

சந்தோசப்படத்தான செய்யணும்? எனக்கு முடியல அண்ணாச்சி. அன்னையிலேருந்து அவளுக்குத் தன் கை மேலயே நம்பிக்கை போயிட்டு. நான் பாக்கேன்லா. எனக்குத் தார தாளுல எல்லாம் செவப்பு மையில டோ எழுதுதா. பெருசா எழுதி, சுத்திக் கட்டம் வேற போட்டு, பக்கத்துக்கு நாலு எடத்துல. மத்தவங்க தாளுல ஒரு எடத்துலதான் இருக்கும். எனக்கு மட்டும் நாலு. எங்க மறந்துருவோமோன்னு அவளுக்குப் பயம். பிரிச்சு எழுதுததயும் அவளே வச்சுக்கிட்டா. நான் கேட்டா, 'உனக்கு ஏம்ல சிரமம்?'ம்பா. எவ்வளவு நல்ல மனசு பாருங்க. ராத்திரி முழிச்சிருந்து முப்பது தாளு எழுதுதா, ஒருத்தனோட பொய்யினால. ஞாயித்துக்கெழமை ஆர்கன்ல அவ உக்காந்து முன்ன உள்ள தாள ரெண்டு தடவ சரி பாக்கத பாக்கும்போதெல்லாம் நான் தலையக் குனிஞ்சுக்கிடுவேன். கத்திக் கத்தித்தான் இந்தக் கட்டி வந்துதுன்னு டாக்டரு சொல்லுதாரு. எனக்கு அப்பிடித் தோணல. சொல்லாம முழுங்குனது அங்கன போயி நின்னுட்டு.

மணி? பத்து அம்பதா! ஏ யப்பா. இல்ல, பண்ணிருதேன், பண்ணிருதேன். நீங்க இப்பிடிப் பாக்காதீய. இந்தா, நீங்களே அமுக்குங்க, பியூலான்னு இருக்கும். பச்சைய அமுக்குங்க.

ஹலோ. எக்கா. நான்தான். ஆமா, பேசக் கூடாதுதான். இல்ல, இன்னும் உள்ள போகல. எக்கா, ஒரு விசயம். குறுக்க பேசாம கேளு, நின்னா நின்னுரும். அந்த எக்காளத் தாளு இருக்குல்லா, மூணாவது ஆல்பம். அதுல நீ டோ எழுதியிருந்த. நீ மறக்கல. நான்தான் எழுதாம விட்டேன். அந்த எடத்துல லோகோ போட்டேன். அசல நான்தான் எரிச்சேன், லேப்ல வச்சு. ஆமா. ஆமா. என்னது? எப்பம்லேருந்து? அப்பம் ஏன் உன் தப்புன்னு சொன்ன? ம். ம். சரிக்கா. ம். சரி. வச்சிருதேன்.

தெரியுமாம்.

அன்னைக்கே தெரியுமாம் அண்ணாச்சி. தாளக் கையில வாங்குன அந்த நிமிசமே. 'ஏல, ஏழு வயசுலேருந்து சோல்ஃபா எழுதுதேன், டோ போடாம ஒரு வரி எழுதிருப்பேனால?'ங்கா. அப்பம் ஏன் உன் தப்புன்னு சொன்னன்னு கேட்டேன். 'சுடலை கையில ஸ்பேனரு இருந்துது. தூத்துக்குடிக்காரன் மறுநாளே வந்திருப்பான். நீ போயி எங்கல நின்னிருப்ப? உனக்கு வேற என்ன தெரியும்?'ங்கா. அதுவும் சரிதான, எனக்கு வேற என்ன தெரியும்? உறுமவே ஒழுங்காத் தெரியாது.

எட்டு வருசமா அவ ஏமாந்துட்டான்னு நான் பரிதாபப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அவ என்னப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. 'நீயா வந்து சொல்லுவன்னு ஆறு மாசம் பாத்தேன். அப்புறம் பாக்கத விட்டுட்டேன்'னா. கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லிருந்தா நல்லாருந்திருக்கும். மழை வருமா வராதான்னு சொல்லுத மாதிரி சொன்னா. ஆறு மாசம் அண்ணாச்சி. அந்த ஆறு மாசமும் நான் ஜெர்மன்காரனுக்குப் பேட்டி குடுத்துக்கிட்டு இருந்தேன். அவ எதுத்தாப்புல உக்காந்து எனக்குக் காப்பி ஆத்திக் குடுத்திருக்கா.

என்ன கேக்குதீய? மன்னிப்புக் கேட்டனான்னா? கேக்காம இருப்பேனா, அதுக்குத்தான போனே பண்ணுனேன். நீங்க பக்கத்துலதான இருந்தீய, கேட்டேன்லா? லோகோ போட்டதச் சொன்னேன். எரிச்சதச் சொன்னேன். அப்புறம் அவ பேசுனா, நான் ம்னேன். சரின்னேன். வச்சிட்டேன்.

கேக்கல.

ஏ யப்பா, கேக்கவே இல்ல. முக்கா மணி நேரமா உங்க காதத் தின்னுருக்கேன், அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லல. இந்தா வந்துட்டேன் சிஸ்டர், நான்தான் கோயில்பிள்ளை, வாரேன். ஒரே ஒரு நிமிசம். தெரியும் சிஸ்டர், டாக்டரு ரெடியா இருப்பாரு. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், ஒரு வார்த்தைதான், வாசல் வரைக்கும் நடந்துக்கிட்டே பேசிருதேன். அண்ணாச்சி, அந்தப் பச்சைய இன்னொரு தடவ அமுக்குங்க. அடிக்குதா? அடிக்குது.

எக்கா.

மன்னிச்சிரு.

இல்ல, வேற ஒண்ணும் இல்ல. அத மட்டும்தான் சொல்லக் கூப்பிட்டேன்.

வச்சிட்டா. கடைசியா 'சரில, போயிட்டு வா'ன்னா. இந்தாங்க, இந்தப் போன என் வீட்டுக்காரி வந்தா குடுத்திருங்க அண்ணாச்சி. எனக்கு இனிப் பேசுததுக்கு ஒண்ணும் இல்ல. வாரேன்.